மொழிபெயர்ப்பாளர்கள் கட்டிய பாலம்: லினக்ஸ் கணினியில் விளையாட்டுகளின் முப்பது ஆண்டு வரலாறு

ஓர் இயங்குதளத்தின் முதிர்ச்சியை அளந்து பார்க்கக் கணினி விளையாட்டைவிடக் கடுமையான உரைகல் வேறில்லை. கடிதம் எழுதும் மென்பொருள் ஒன்று கிடைக்காவிட்டால் அதே வேலையைச் செய்யும் இன்னொன்றைத் தேடிக்கொள்ளலாம். கணக்குப் பார்க்கவும் படம் திருத்தவும் மாற்றுகள் உண்டு. விளையாட்டுக்கு மட்டும் மாற்று கிடையாது. நண்பர்கள் நால்வர் ஒரு குறிப்பிட்ட விளையாட்டில் மாலைதோறும் கூடுகிறார்கள் என்றால், அதைப் போன்ற வேறொன்று ஐந்தாமவருக்கு எவ்விதத்திலும் பயன்படாது. அவருக்கு வேண்டியது அந்த விளையாட்டேதான். லினக்சுக்கு மாற விரும்பிய எத்தனையோ பேர் கணினியின் ஒரு மூலையில் விண்டோசையும் வைத்துக்கொண்டதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவே.

இடர்ப்பாட்டின் வேர் எங்கே இருக்கிறது? ஒரு விளையாட்டு ஓடும்போது அது இயங்குதளத்தோடு ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கிறது. இந்தக் கோப்பைத் திற, இந்த முக்கோணத்தை வரை, இந்த ஒலியை எழுப்பு என நொடிக்கு ஆயிரக்கணக்கான கோரிக்கைகள். விண்டோசுக்கென எழுதப்பட்ட விளையாட்டு விண்டோசின் மொழியில் மட்டுமே இவற்றைக் கேட்கும். லினக்ஸ் அறிந்த மொழி வேறு. இந்நிலையில் இரண்டு வழிகளே உண்டு. ஒன்று, ஆக்கியவரே அந்த விளையாட்டை லினக்சின் மொழியில் மறுபடி எழுதித் தரவேண்டும். மற்றொன்று, இருவருக்கும் நடுவே ஒரு மொழிபெயர்ப்பாளர் அமரவேண்டும். லினக்ஸ் விளையாட்டுகளின் வரலாறு முழுவதும் இவ்விரு வழிகளுக்கும் இடையிலான ஊசலாட்டமே.

தொடக்க காலம்

1991 ஆகஸ்டில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தம் முயற்சியை அறிவித்தபோது விளையாட்டு யாருடைய எண்ணத்திலும் இல்லை. 1992இல் லினக்ஸ் கருனி ஜி.பி.எல். உரிமத்தின்கீழ் வந்தது. மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். பகிர்பவர் அதே உரிமையைப் பெறுபவருக்கும் தரவேண்டும் என்பது அதன் சாரம். யூனிக்ஸ் உலகில் வழங்கிவந்த நெட்ஹேக் போன்ற எழுத்துருத் திரை விளையாட்டுகள் லினக்சுக்கு எளிதில் வந்து சேர்ந்தன. டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழக மாணவர் மூவர் 1996இல் ஃப்ரீசிவ் என்னும் நாகரிகம் வளர்க்கும் விளையாட்டை வெளியிட்டனர். அது இன்றும் உயிரோடு இருக்கிறது.

வணிக உலகிலிருந்து வந்த முதல் பெரிய விருந்தாளி 'டூம்'. 1993 டிசம்பரில் டாஸ் கணினிகளுக்கென வெளியான அந்த விளையாட்டை, ஐடி சாஃப்ட்வேரில் பணியாற்றிய டேவ் டெய்லர் மறு ஆண்டே லினக்சுக்குப் பெயர்த்தார். 1997 டிசம்பரில் ஜான் கார்மாக் டூமின் மூலநிரலைப் பொதுவெளியில் வைத்தார். அவர் வெளியிட்டது டாஸ் வடிவம் அன்று, லினக்ஸ் வடிவம். டாஸ் வடிவத்தின் ஒலிப்பகுதி வேறொருவருக்கு உரியது. அதைப் பகிரும் உரிமை ஐடி நிறுவனத்திடம் இல்லை. ஆக, சிலருக்காகச் செய்யப்பட்ட ஒரு பெயர்ப்பே பின்னாளில் உலகிற்குக் கிடைத்த மூலமாயிற்று. இன்று எண்ணற்ற கருவிகளில் டூம் ஓடுகிறதென்றால் அதன் வழித்தடம் லினக்ஸ் வடிவத்திலிருந்து தொடங்குகிறது.

சுவர் எழுந்த விதம்

அதே காலத்தில் எதிர்ப்புறத்தில் ஒரு சுவர் எழுந்துகொண்டிருந்தது. 1995இல் மைக்ரோசாஃப்ட் டைரக்ட்எக்ஸ் என்னும் தொகுதியை வெளியிட்டது. வரைகலை, ஒலி, விசைப்பலகை உள்ளீடு ஆகிய அனைத்தையும் விளையாட்டு நிரலர்கள் ஒரே இடத்தில் பெற அது வழிசெய்தது. அதற்கு முன்பே, 1992இல், சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனம் ஓப்பன்ஜிஎல் என்னும் பொது வரைகலைத் தரத்தை அளித்திருந்தது. அது எந்த இயங்குதளத்துக்கும் பொருந்தும். எனினும் கடைகளில் விற்ற கணினிகளில் பெரும்பாலானவை விண்டோசுடன் வந்தமையால் நிரலர்கள் டைரக்ட்எக்ஸ் பக்கம் சாய்ந்தனர். பொதுமொழி இருந்தும் சந்தையின் மொழியே வென்றது.

சுவருக்கு அடியில் சுரங்கம் தோண்டும் வேலையும் அப்போதே தொடங்கிவிட்டது. 1993இல் பாப் ஆம்ஸ்டாட், எரிக் யங்டேல் ஆகியோர் வைன் என்னும் திட்டத்தை ஆரம்பித்தனர். 1994 முதல் அதை நடத்திவருபவர் அலெக்சாந்தர் ஜூலியார். விண்டோஸ் கணினி ஒன்றை முழுமையாகப் பாவனை செய்வது வைனின் வழியன்று. விண்டோஸ் நிரலின் ஒவ்வோர் அழைப்பையும் கேட்டு, அதற்கு நிகரான லினக்ஸ் அழைப்பாக மாற்றித் தருவதே அதன் பணி. வைன் ஒரு பாவனைப்பொறி அல்ல என்பதே அப்பெயரின் விரிவாகச் சொல்லப்படுகிறது. மைக்ரோசாஃப்டின் மூலநிரலைப் பாராமல், வெளியிலிருந்து நடத்தையைச் சோதித்துச் சோதித்தே அதைக் கட்டவேண்டியிருந்தது. அகராதியும் இலக்கண நூலும் இல்லாத ஒரு மொழியை, பேசுபவரின் வாயைப் பார்த்தே கற்றுக்கொள்ளும் களப்பணிக்கு இது ஒப்பாகும். 1993இல் தொடங்கிய பணி 1.0 என்னும் எண்ணைத் தொட்டது 2008 ஜூனில். இடையில் 15 ஆண்டுகள்.

லோக்கியின் எழுச்சியும் வீழ்ச்சியும்

முதல் வழியை, அதாவது மறுபடி எழுதித் தரும் வழியை, முழுமூச்சாக மேற்கொண்டது லோக்கி சாஃப்ட்வேர். வழக்கறிஞராக இருந்த ஸ்காட் டிரேக்கர் 1998இல் கலிபோர்னியாவில் இதைத் தொடங்கினார். பிற நிறுவனங்களின் விளையாட்டுகளை உரிமம் பெற்று லினக்சுக்குப் பெயர்த்து, பெட்டியில் இட்டு விற்பது அவர்களின் தொழில். 1999இல் 'சிவிலைசேஷன்: கால் டு பவர்' முதலாவதாக வந்தது. 'ரெயில்ரோடு டைகூன் 2', 'ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக் 3', 'சிம்சிட்டி 3000' என வரிசை நீண்டது.

பெயர்ப்புகளின் தரத்தில் குறையில்லை, கணக்கில்தான் குறை. விண்டோஸ் வடிவம் முதலில் கடைக்கு வரும். ஆர்வம் மிக்கவர் அதை வாங்கி, இன்னொரு பகிர்வில் வைத்திருக்கும் விண்டோசில் ஆடிவிடுவார். பின்னர் வரும் லினக்ஸ் பெட்டியை வாங்க மீந்திருப்பவர் சிலரே. 2001 ஆகஸ்டில் லோக்கி திவால் பாதுகாப்பு கோரியது. 2002 ஜனவரி இறுதியில் கதவை மூடியது.

நிறுவனம் மறைந்தாலும் அதன் பட்டறையில் இருந்த கருவிகள் மறையவில்லை. லோக்கியின் முதன்மை நிரலர் சாம் லாண்டிங்கா 1998இல் தொடங்கிய எஸ்.டி.எல். என்னும் நிரல் நூலகம் கட்டற்ற உரிமத்தில் இருந்தது. ஒரே விளையாட்டைப் பல இயங்குதளங்களில் ஓடச்செய்ய உதவும் அந்நூலகம் இன்றும் எண்ணற்ற விளையாட்டுகளின் அடித்தளமாக உள்ளது. ஓப்பன்ஏஎல் என்னும் ஒலி நூலகமும் லோக்கியின் காலத்தில் உருவானதே. அங்கே பணிபுரிந்த ரயான் கோர்டன் அதன்பின் இருபதாண்டுகளுக்கு மேலாகத் தனியொருவராகப் பல விளையாட்டுகளைப் பெயர்த்துத் தந்தார். விற்பனைக்கு வைத்தது அழிந்தது, பகிர்ந்தளித்தது நின்றது என்பதை இவ்விடத்தில் நினைவில் கொள்ளல் வேண்டும். இவ்வரலாற்றில் அது மீண்டும் மீண்டும் நிகழும்.

சலிப்பும் சுவையும்

லோக்கிக்குப் பின் வந்த பத்தாண்டு பொறுமைக்கு வந்த சோதனை. கனடாவின் டிரான்ஸ்கேமிங் நிறுவனம் வைன் நிரலை எடுத்து, டைரக்ட்எக்ஸ் ஆதரவைச் சேர்த்து, மாதச் சந்தாவுக்குத் தந்தது. முதலில் வைன்எக்ஸ் என்றும் பிறகு செடேகா என்றும் அது வழங்கியது. தான் சேர்த்த திருத்தங்கள் அனைத்தையும் அது பொதுவுக்குத் திருப்பித் தரவில்லை. வைன் சமூகம் 2002இல் தன் உரிமத்தை எல்.ஜி.பி.எல். என மாற்றிக்கொண்டது, வைனை எடுத்துத் திருத்தி வெளியிடுபவர் அத்திருத்தங்களையும் பகிர வேண்டும் என்பது புதிய விதி. 2011இல் செடேகா நிறுத்தப்பட்டது. வைன் தொடர்ந்தது.

அக்காலத்து லினக்ஸ் ஆட்டக்காரரின் ஒரு மாலைப்பொழுது எப்படிக் கழிந்தது என்பதைச் சொல்லாமல் இவ்வரலாறு நிறைவுறாது. கருனியைப் புதுப்பித்தால் என்விடியா கார்டின் மூடிய டிரைவர் அதனோடு ஒட்டாமல் போகும். கணினி கறுப்புத் திரையில் நின்றுவிடும். படம் வந்தால் ஒலி வராது. ஒலிக்கு ஓ.எஸ்.எஸ்., ஆல்சா, பல்ஸ்ஆடியோ என அடுத்தடுத்து மூன்று ஏற்பாடுகள். ஒன்று மற்றொன்றின் வாயை அடைக்கும். விளையாட்டு ஓடத் தொடங்கினால் சுட்டி நகராது. வைன் தளத்தின் பட்டியலில் ஒவ்வொரு விளையாட்டுக்கும் பிளாட்டினம் முதல் குப்பை வரை தரம் இட்டிருப்பார்கள். குப்பை என்று குறிக்கப்பட்டதையும் ஓடவைக்க முயன்றவர்கள் இருந்தார்கள். டிரைவர் பற்றிய கசப்பு எந்த அளவுக்கு முற்றியது என்றால், 2012இல் பின்லாந்தின் ஆல்ட்டோ பல்கலைக்கழக மேடையில் டோர்வால்ட்சே என்விடியாவை நோக்கி நடுவிரலைக் காட்டினார்.

இத்தனைக்கும் நடுவே அவர்களை இருத்திவைத்தது எது? சலிப்பூட்டிய அதே செயலே சுவையாகவும் இருந்தது என்பதே விடை. எந்தக் கோப்பு குறைகிறது, எந்த நூலகம் தவறான பதிப்பில் உள்ளது எனத் தேடித் தேடி, நள்ளிரவில் தலைப்புத் திரை தோன்றும் கணம், விளையாட்டுக்குள் பெறும் எந்த வெற்றிக்கும் குறைந்ததன்று. கண்டறிந்த வழியை மறுநாள் பிறருக்கு எழுதிவைப்பது அதன் இரண்டாம் பாதி. பயன்படுத்துபவர் தம் கணினியின் உட்புறத்தை அறிந்தவராக மாறினார். பூட்டிய பெட்டியில் பிழை நேர்ந்தால் காத்திருப்பது ஒன்றே வழி. திறந்த பெட்டியிலோ தேடுவதற்கேனும் இடம் உண்டு.

வால்வ் வந்த வழி

2010 மே மாதம் ஹம்பிள் இண்டி பண்டில் என்னும் விற்பனை நடந்தது. சிறு நிறுவனங்களின் விளையாட்டுகளை ஒரு கட்டாக, விரும்பிய விலைக்கு, மூன்று இயங்குதளங்களுக்கும் தந்தார்கள். யார் சராசரியாக எவ்வளவு கொடுத்தார்கள் என்பது வெளிப்படையாகக் காட்டப்பட்டது. லினக்ஸ் பயன்படுத்துவோர் விண்டோஸ், மேக் பயன்படுத்துவோரைவிடக் கூடுதலாகத் தந்திருந்தனர். இலவசத்துக்குப் பழகியவர்கள் பணம் கொடுக்கமாட்டார்கள் என்னும் நெடுநாள் நம்பிக்கை அதனால் தளர்ந்தது.

ஆயினும் சந்தையை அசைத்தது நன்றியுணர்வன்று, அச்சமே. 2012இல் வெளிவரவிருந்த விண்டோஸ் 8 தன்னுள்ளேயே ஒரு மென்பொருள் கடையைக் கொண்டிருந்தது. ஸ்டீம் என்னும் பெருங்கடையை நடத்திய வால்வின் தலைவர் கேப் நியூவெல், மைக்ரோசாஃப்டின் முன்னாள் ஊழியர். கணினித் தொழில் அனைத்துக்கும் விண்டோஸ் 8 பேரிடர் என அவர் அவ்வாண்டு ஜூலையில் வெளிப்படையாகவே எச்சரித்தார். தன் கடை இருக்கும் நிலம் மற்றொரு கடைக்காரனுக்குச் சொந்தமானது என்பதை வால்வ் உணர்ந்தது. மாற்று நிலமாக அது தேர்ந்தது லினக்ஸ்.

ஆகஸ்டில் வால்வ் ஒரு சோதனை முடிவை வெளியிட்டது. 'லெஃப்ட் 4 டெட் 2' லினக்சில் முதன்முதலாக ஓடியபோது நொடிக்கு 6 பிரேம்கள். திருத்தங்களுக்குப் பின் 315. அதே கணினியில் விண்டோஸ் 7 தந்தது 270.6. லினக்ஸ் இயல்பிலேயே மந்தமானது என்னும் கருத்துக்கு இது தக்க மறுப்பு. 2013 பிப்ரவரி 14 அன்று ஸ்டீம் லினக்சுக்கு முறையாக வந்தது. அவ்வாண்டு இறுதியில் ஸ்டீம்ஓஎஸ், 2015 நவம்பரில் அதைத் தாங்கிய ஸ்டீம் மெஷின் கணினிகள்.

ஸ்டீம் மெஷின்கள் விலைபோகவில்லை. காரணம் லோக்கியைக் கொன்ற அதே காரணம். வாங்குபவர் தேடிய விளையாட்டுகளில் பல அவற்றில் ஓடவில்லை. ஆட்டக்காரர் குறைவு என்பதால் நிறுவனங்கள் பெயர்க்கவில்லை. பெயர்க்காததால் ஆட்டக்காரர் கூடவில்லை. முதல் வழி இரண்டாம் முறையும் தோற்றது.

மொழிபெயர்ப்பின் வெற்றி

விடை இரண்டாம் வழியிலிருந்து வந்தது. 2016 பிப்ரவரியில் வல்கன் என்னும் புதிய பொது வரைகலைத் தரம் வெளியாயிற்று. வன்பொருளோடு மிக அணுக்கமாகப் பேச அது இடம் தந்தது. ஃபிலிப் ரெபோலே என்னும் நிரலர் 'நியர்: ஆட்டோமேட்டா' என்னும் ஒற்றை விளையாட்டை லினக்சில் ஆட விரும்பி, 2017இல் டிஎக்ஸ்விகே என்னும் நிரலை எழுதத் தொடங்கினார். டைரக்ட்எக்சின் வரைகலை அழைப்புகளை வல்கன் அழைப்புகளாக மாற்றுவதே அதன் வேலை. முன்னர் வைன் இவற்றை ஓப்பன்ஜிஎல்லுக்கு மாற்றியபோது வேகம் பெரிதும் குன்றியது; இரு மொழிகளின் அமைப்பும் வெகுவாக வேறுபட்டவை. வல்கன் வழியாக மாற்றியபோது இழப்பு வெகுவாகக் குறைந்தது. 2018 தொடக்கத்தில் வால்வ் அவரைப் பணிக்கு அமர்த்திக்கொண்டது.

2018 ஆகஸ்ட் 21 அன்று புரோட்டான் வெளியானது. வைன், டிஎக்ஸ்விகே முதலானவற்றை ஒன்றுசேர்த்து, ஸ்டீமுக்குள்ளேயே பதித்த தொகுப்பு அது. வைன் பணியில் நெடுங்காலம் ஈடுபட்ட கோட்வீவர்ஸ் நிறுவனமும் உடன் உழைத்தது. முதல் நாளில் வால்வ் உறுதியளித்தவை முப்பதுக்கும் குறைவான விளையாட்டுகளே. ஆனால் எதையும் முயன்று பார்க்கும் வசதி அதில் இருந்தது. நள்ளிரவுத் தேடல்கள் ஒரு பொத்தானாகச் சுருங்கின.

இம்முயற்சி லினக்ஸ் கருனியையும் மாற்றியது. விண்டோஸ் நிரல்கள் ஒரே நேரத்தில் பல நிகழ்வுகளுக்காகக் காத்திருக்கும் முறைக்கு நிகரானது லினக்சில் இல்லாதிருந்தது. அந்நிகரை 2022 ஜனவரியில் வந்த 5.16 பதிப்பு தந்தது, 2025இன் 6.14 பதிப்பு அதை இன்னும் நெருக்கமாக்கியது. மொழிபெயர்ப்பின் தேவையால் இலக்கு மொழியே புதிய சொற்களை ஏற்றுக்கொள்வது மொழி வரலாற்றில் பழகிய நிகழ்ச்சி. அதுவே இங்கும் நடந்தது.

2022 பிப்ரவரியில் ஸ்டீம் டெக் என்னும் கைக்கணினி விற்பனைக்கு வந்தது. உள்ளே ஆர்ச் லினக்ஸ் வழியில் அமைந்த இயங்குதளம். வாங்கியவருக்கு அது லினக்ஸ் என்றே தெரியவேண்டியதில்லை. பல்லாண்டுகளாக ஒரு விழுக்காட்டைச் சுற்றி நின்ற லினக்சின் பங்கு, ஸ்டீம் கணக்கெடுப்பில் 2025 அக்டோபரில் 3 விழுக்காட்டைக் கடந்தது. எண் சிறிது, முப்பது ஆண்டுத் தேக்கத்தோடு ஒப்பிட்டால் பெரிது.

புதிய சுவர்

இன்றைய தடை வரைகலையில் இல்லை, நம்பிக்கையில் உள்ளது. பலர் சேர்ந்து ஆடும் போட்டி விளையாட்டுகளில் ஏமாற்றுவோரைக் கண்டறியத் தனி மென்பொருள்கள் உண்டு. அவற்றுள் சில விண்டோசின் கருனிக்குள்ளேயே அமர்ந்து கண்காணிக்கின்றன. ஈசி ஆன்டி-சீட், பேட்டில்ஐ ஆகிய இரண்டும் 2021இல் புரோட்டானுக்கு இசைந்தன. அதை இயக்குவதா வேண்டாமா என்பது மட்டும் விளையாட்டு நிறுவனங்களின் கையில் விடப்பட்டது. சிலர் திறந்தனர். சிலர் மறுத்தனர். 'லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்' 2024இல் கருனிக் கண்காணிப்புக்கு மாறியதும் வைன் வழியாக அதை ஆடியவர்கள் வெளியேற நேர்ந்தது. 2024 அக்டோபர் இறுதியில் 'ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ்' லினக்சைத் தடுத்தது. ஏமாற்றுவோர் லினக்சின் திறந்த தன்மையைப் பயன்படுத்துகிறார்கள் என்பது அந்நிறுவனம் கூறிய காரணம்.

இரு தரப்பிலும் நியாயம் உண்டு. நேர்மையாக ஆடுபவருக்கு ஏமாற்றில்லாத களம் வேண்டும். அதே சமயம், தம் கணினியின் கருனியைத் தாமே மாற்றியமைக்கும் உரிமையே ஒருவரை லினக்சுக்கு அழைத்துவந்தது. அந்த உரிமை உள்ளவரை, அவர் கணினியில் எதுவும் மாற்றப்படவில்லை என்று தொலைவிலுள்ள நிறுவனம் உறுதிசெய்துகொள்ள இயலாது. இது நிரலின் பிழையன்று. ஆகவே திருத்து நிரல் எழுதி இதைத் தீர்க்க இயலாது. கணினி வாங்கியவருக்குச் சொந்தமா, அதில் ஓடும் விளையாட்டை விற்றவருக்கு உட்பட்டதா என்பதே அடியில் நிற்கும் கேள்வி.

இன்னொரு விலையும் கொடுக்கப்பட்டுள்ளது. மொழிபெயர்ப்பு சிறந்துவிட்டதால் நேரடியாக லினக்சுக்கு எழுதும் தேவை குறைந்தது. 'ராக்கெட் லீக்' 2020 மார்ச்சில் லினக்ஸ், மேக் வடிவங்களைக் கைவிட்டது. இரண்டையும் சேர்த்து ஆடுவோர் 0.3 விழுக்காட்டுக்கும் குறைவு என்று காரணம் காட்டியது. பழைய லினக்ஸ் வடிவங்கள் பல இன்றைய நூலகங்களோடு ஒட்டாமல் நின்றுபோகின்றன. அவற்றின் விண்டோஸ் வடிவமோ புரோட்டான் வழியே நன்றாக ஓடுகிறது. 2019 ஜூனில் உபுண்டு 32 பிட் நூலகங்களைக் கைவிட எண்ணியபோது, அப்பதிப்பை ஆதரிக்கமாட்டோம் என வால்வ் தரப்பு அறிவித்தது. சில நாட்களில் உபுண்டு அம்முடிவை மாற்றிக்கொண்டது. நிலைத்த மொழியாக விண்டோசின் மொழியே லினக்சுக்குள் குடியேறிவிட்டது என்பது கசப்பான முரண்.

ஒரே ஒரு நிறுவனத்தின் ஆர்வத்தின்மீது இத்தனையும் நிற்கிறதே, நாளை வால்வ் மனம் மாறினால் என்னாகும் என்று வினவுவோர் உண்டு. வினா சரியானதே. மறுமொழியை லோக்கியின் வரலாறு முன்னரே தந்துள்ளது. ஸ்டீம் வால்வின் உடைமை. அது மூடப்பட்டால் மூடப்பட்டதே. வைனும் டிஎக்ஸ்விகேயும் கருனியில் சேர்ந்த மாற்றங்களும் கட்டற்ற உரிமத்தில் உள்ளவை. லோக்கி போன பின்பும் எஸ்.டி.எல். இருந்தது; செடேகா போன பின்பும் வைன் இருந்தது. 1993இல் தொடங்கிய மொழிபெயர்ப்பை அடுத்த கைகள் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அதற்கு எவரிடமும் அனுமதி கேட்கவேண்டியதில்லை.